பிளஸ் ஒன்னுக்குப் புதிதாக வந்த பிள்ளை ‘எங்க ஸ்கூல்’ என்று சொல்ல: வகுப்பாசிரியருக்கு முதல் நாற்பது நாள் வேலைகள்

ஜூன் மாதம் பதினொன்றாம் வகுப்பு அறைக்குள் போய் நின்றால், யார் பழைய பிள்ளை, யார் புதுப் பிள்ளை என்று பதிவேட்டைப் பார்க்காமலேயே சொல்லிவிடலாம். ஆறாம் வகுப்பிலிருந்து அங்கேயே படித்தவர்கள் ஃபேனுக்குக் கீழே கூட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் பத்தாவது முடித்து வந்தவர்கள் கதவோரத்திலோ கடைசி பெஞ்சிலோ பையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார்கள். பையை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைக்க ஒரு பிள்ளைக்கு எத்தனை வாரம் ஆகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

தமிழ்நாட்டு அரசு, அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளிகளில் முதல்முறையாக பிளஸ் ஒன் வகுப்பாசிரியர் பொறுப்பு வாங்கியிருப்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதியிருக்கிறோம். ஒன்பதாம் வகுப்பு வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும், ஏனென்றால் நடுநிலைப் பள்ளி முடித்தவர்கள் அங்கேதான் வந்து சேர்கிறார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வரவேற்பு விழா, பலூன், மைக் இவற்றால் எந்தப் பிள்ளையும் பள்ளியோடு ஒட்டுவதில்லை. பெயர் சரியாக இருப்பது, உட்கார ஓர் இடம், செய்ய ஒரு வேலை, வராத நாளில் தேட ஓர் ஆள் ஆகிய நான்கும்தான் வேலை செய்கின்றன. மொத்தச் செலவு முந்நூறு ரூபாய்க்குள் அடங்கும். நேரம் தினமும் இருபது நிமிடம்.

1. சேர்க்கை நாள்: காகிதம்தான் முதல் வரவேற்பு

‘இது ஆபீஸ் வேலை, எழுத்தர் பார்த்துக்கொள்வார்’ என்று விட்டுவிடாதீர்கள். ‘அது இல்லையா, இது இல்லையா, போயிட்டு நாளைக்கு வா’ என்று ஒரு பிள்ளை மூன்று முறை திருப்பி அனுப்பப்படுவது இந்த ஜன்னலில்தான். கூலியை விட்டுவிட்டு வந்த அப்பா பக்கத்தில் நிற்கும்போது அது நடந்தால், அந்தப் பிள்ளைக்குப் பள்ளியைப் பற்றி வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

கேட்கவேண்டியவற்றை ஒரே துண்டுத்தாளில் அச்சடித்து, விசாரிக்க வருகிறவர்களிடம் முதல் முறையே கொடுத்துவிடுங்கள்:

- மாற்றுச் சான்றிதழ் (டீ.சி.) அசல்
- பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ். அசல் வரவில்லையென்றால் தற்காலிகச் சான்றிதழ்
- எமிஸ் எண், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் பிள்ளைக்கு உள்ள எண் (பழைய பள்ளியில் கேட்டால் சொல்வார்கள்)
- ஆதார் நகல், சாதிச் சான்றிதழ் நகல்
- மாணவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்க நகல்
- பாஸ்போர்ட் அளவு புகைப்படம் நான்கு
- பெற்றோரின் கைபேசி எண், அது யாருடைய கையில் இருக்கிறது என்ற குறிப்போடு

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பல வீடுகளில் ஒரே போன்தான், அதுவும் அண்ணனோடு திருப்பூருக்குப் போயிருக்கும்.

அதிகம் சிக்குவது எமிஸில்தான். பழைய பள்ளி தன் எமிஸ் உள்நுழைவில் டீ.சி. கொடுத்துப் பிள்ளையைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் நம் பள்ளியில் இழுத்துச் சேர்க்க முடியும். கையில் காகித டீ.சி. இருக்கும், கணினியில் பிள்ளை இன்னும் பழைய பள்ளியில் இருப்பான். அதுவரை செயலி வருகைப்பதிவில் அவன் பெயர் வராது, எமிஸ் கணக்கை வைத்து வரும் எந்த விலையில்லாப் பொருளிலும் அவன் விடுபடுவான். வகுப்பே புத்தகம் வாங்கிக்கொண்டிருக்கையில் இரண்டு பேர் மட்டும் வெறுங்கையோடு நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். வகுப்பு தொடங்கிய மூன்றாம் நாளுக்குள் உங்கள் பட்டியலையும் எமிஸ் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். விடுபட்ட பெயர்களுக்குப் பழைய பள்ளியின் தலைமையாசிரியரை நீங்களோ உங்கள் ஹெச்.எம்மோ போனில் கூப்பிடுங்கள். பிள்ளையை அனுப்பிக் கேட்டுவரச் சொல்லாதீர்கள். பழைய பள்ளிக்கும் புதுப் பள்ளிக்கும் நடுவில் அலைகிறவனுக்கு இரண்டுமே தன் பள்ளியாக இருக்காது.

வேறு மாநிலத்திலிருந்து வந்த தொழிலாளர் வீட்டுப் பிள்ளைக்கு எமிஸ் எண் இருக்காது, புதிதாகப் பதிய வேண்டும். அதற்கு நாளாகும். அதுவரை பாடப்புத்தகத்தைக் கிடங்கிலுள்ள உபரியிலிருந்தோ சென்ற வருடப் பிள்ளைகளிடமிருந்தோ இரவல் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

வருமானச் சான்றிதழ் தேவைப்படுகிறவர்களை ஜூனிலேயே இ-சேவை மையத்துக்கு அனுப்புங்கள், கட்டணம் ₹60. உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் கடைசி வாரம் என்று அறிவித்த பிறகு அனுப்பினால், அந்த மையத்தில் ஊரே நிற்கும்.

2. பெயர்: ஐந்து வேலை நாள், ஐம்பது பேர்

ஐம்பது பெயரை ஒரே நாளில் மனப்பாடம் செய்ய முடியாது. ஒரு நாளைக்குப் பத்து என்று வைத்துக்கொண்டால் முடியும்.

சார்ட் அட்டை நான்கு வாங்குங்கள். ஒன்றில் பன்னிரண்டு முதல் பதினைந்து பெயரட்டை வரும். கூடாரம்போல நடுவில் மடித்து மேசைமேல் நிற்கும்படி வெட்டுங்கள். பிள்ளைகளே எழுதட்டும்: முன்பக்கம் தான் கூப்பிடப்பட விரும்பும் பெயர், பின்பக்கம் பழைய பள்ளி, ஊர், வரும் பஸ் அல்லது வழி, தனக்குத் தெரிந்த ஒரு வேலை. ‘பொழுதுபோக்கு என்ன’ என்று கேட்காதீர்கள், நாற்பது பேர் கிரிக்கெட் என்று எழுதுவார்கள். ‘என்ன வேலை தெரியும்’ என்றால் நாத்து நடுவேன், டயர் பஞ்சர் ஒட்டுவேன், மாலை கட்டுவேன், தம்பியைக் குளிப்பாட்டுவேன் என்று வரும். அந்தப் பிள்ளையிடம் பேச உங்களுக்குக் கிடைக்கும் முதல் கைப்பிடி அது.

அட்டைகளை மாலையில் வாங்கி வைத்து மறுநாள் காலையில் நீங்களே ஒவ்வொருவராகப் பார்த்துக் கொடுங்கள். தப்பாகக் கொடுத்தால் சிரித்துவிட்டு மாற்றிக் கொடுங்கள். ஐந்தாம் நாள் அட்டை இல்லாமல் வருகை எடுத்துப் பாருங்கள். எட்டு பேருக்குத் தடுமாறினால் சரிதான். அந்த எட்டுப் பேரும் யார் என்று குறித்துக்கொள்ளுங்கள், ஆறாவது படியில் வேண்டியிருக்கும்.

இங்கே நடக்கும் தவறுகள்:

ஒரே வகுப்பில் மூன்று கார்த்திக் இருந்தால் ‘குட்டைக் கார்த்திக்’, ‘கறுப்புக் கார்த்திக்’ என்று வகுப்பு உடனே பெயர் வைத்துவிடும். அதற்கு முன்னால் முதலெழுத்தோடு கூப்பிடத் தொடங்கிவிடுங்கள்: எம். கார்த்திக், ச. கார்த்திக். ‘அந்தப் புதுப் பையன்’, ‘அந்த இங்கிலீஷ் மீடியம் பொண்ணு’ என்பவை ஆசிரியர் அறையிலும் வேண்டாம். அங்கே புழங்குவது எப்படியும் வகுப்புக்கு வந்துவிடும். ஒடியா, இந்தி பேசும் பிள்ளைகளின் பெயரை அவர்களிடமே இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டு, தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஆதாரில் ஒன்று, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒன்று என்று இருக்கும். எது எங்கே எப்படி இருக்கிறது என்று முதல் மாதத்திலேயே குறித்து, பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். ஆதாரில் திருத்துவது எளிது, மதிப்பெண் சான்றிதழில் திருத்துவது வருடக் கணக்கில் இழுக்கும்.

3. இடம்

முதல் நாள் ‘உங்க இஷ்டத்துக்கு உக்காருங்க’ என்று சொல்லிவிட்டால், அந்த இஷ்டம் ஊர்வாரியாக, தெருவாரியாக, அதாவது சாதிவாரியாகப் பிரிந்து உட்கார்ந்துவிடும். ஒரு வாரம் கழித்து மாற்றினால் தண்டனை மாதிரி தெரியும். அதனால் முதல் நாளே அகரவரிசை. நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரைச் சக பள்ளி மாணவர்கள் வெட்டிய சம்பவத்துக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அரசிடம் அளித்த அறிக்கையும் அகரவரிசை இருக்கையைத்தான் பரிந்துரைத்தது. அகரவரிசைக்கு ஒரு வசதி: ‘ஏன் சார் நான் இங்க’ என்று எவரும் கேட்க முடியாது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, திங்கட்கிழமை காலையில், ஒவ்வொரு வரிசையும் ஒரு பெஞ்சு பின்னால் நகரட்டும், கடைசி பெஞ்சு முன்னால் வரட்டும். கண்ணாடி போட்டவர்கள், காது சரியாகக் கேட்காதவர்கள், சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் இந்தச் சுற்றில் வேண்டாம். ஆனால் அவர்களின் பக்கத்து ஆள் மாறவேண்டும், இல்லையென்றால் அவர்களுக்கு வருடம் முழுக்க ஒரே தோழன்தான். இருக்கைப் படத்தை ஏ4 தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிடுங்கள். மற்றப் பாட ஆசிரியர்களும் அதைப் பார்த்தே பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பிப்பார்கள்.

மதிப்பெண் வாரியாக உட்காரவைப்பதை மட்டும் செய்யாதீர்கள். ‘மெல்லக் கற்போர்’ என்பது நம் பதிவேட்டுச் சொல். அது ஒரு பெஞ்சின் பெயராகிவிட்டால், அங்கே உட்கார்ந்தவன் அந்தப் பெயருக்கு ஏற்றபடியே நடந்துகொள்வான்.

4. முதல் மணியும் வராத நாளும்

இரண்டு தனி விஷயங்கள், இரண்டுக்கும் தனி நடைமுறை வேண்டும்.

தாமதம்: பெயரட்டையின் பின்பக்கத்தில் பஸ் எழுதச் சொன்னது இதற்காக. காலையில் ஒரே ஒரு டவுன் பஸ் வரும் ஊர் என்றால், அது தாமதமானால் ஆறு பேரும் சேர்ந்துதான் தாமதமாவார்கள். அவர்களை வழிபாட்டுக் கூட்டம் முடியும்வரை கேட்டுக்கு வெளியே நிற்கவைப்பதால் பஸ் சீக்கிரம் வரப்போவதில்லை. ஆறு பெயரையும் பஸ் நேரத்தையும் எழுதி ஹெச்.எம்மிடமும் உடற்கல்வி ஆசிரியரிடமும் கொடுங்கள். பஸ் பாஸ் புதுப்பிக்கும் வரை பழைய பாஸிலோ சீருடையிலோ போகலாம் என்று ஒவ்வொரு ஜூனிலும் அறிவிப்பு வரும். அதைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள், நடத்துநரிடம் வாதாடத் தெரியாமல் இறங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கான விலையில்லா சைக்கிள் ஜூனிலேயே வந்துவிடும் என்று நம்பவேண்டாம்.

வராத நாள்: முதல் நாள் பக்கத்து இருக்கைப் பிள்ளையிடம் கேளுங்கள். இரண்டாம் நாள் வீட்டுக்குப் போன். மூன்றாம் நாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள், மூன்று நாள் வராத பிள்ளைக்குத் திரும்பி வரவே கூச்சமாகிவிடும். போனில் பேசும் முதல் வாக்கியத்தைக் கவனியுங்கள். ‘ஏன் உங்க பையன் வரல?’ என்றால் எதிர்முனையில் பொய் தயாராகும். ‘ரெண்டு நாளா ஆளைக் காணோமேன்னு கூப்பிட்டேங்க, உடம்பு சரியில்லையா? நேத்து நடத்துன பாடத்தை நோட்டுல எழுதி வச்சிருக்கோம்னு சொல்லுங்க’ என்றால் பெரும்பாலும் உண்மை வரும்: காய்ச்சல், அறுவடை, அம்மாவுக்கு ஆஸ்பத்திரி, அல்லது வீட்டுக்கே தெரியாமல் அவன் வேறெங்கோ போயிருக்கிறான்.

‘பாடத்தை எழுதி வச்சிருக்கோம்’ என்பது சும்மா பேச்சாக இருந்துவிடக்கூடாது. அதற்குத்தான் அடுத்த படி.

5. ஆளுக்கொரு வேலை

லீடர் ஒருவர், துணை லீடர் ஒருவர், மற்ற நாற்பத்தெட்டுப் பேரும் பார்வையாளர்கள் என்பதே பெரும்பாலான வகுப்புகளின் அமைப்பு. இதை உடைக்க வகுப்பில் எத்தனை பேரோ அத்தனை வேலை எழுதுங்கள். முடியுமா என்று தோன்றும். எழுத ஆரம்பித்தால் வந்துவிடும்: கதவுப் பலகையில் பதிவு, வருகை எண்ணிக்கை எழுதுவது, கரும்பலகையில் தேதியும் குறளும், சாக்பீஸ், டஸ்டர், ஃபேன், லைட் அணைப்பது, செய்தித்தாள் வாங்கி வந்து தலைப்புகளைப் படிப்பது, தொலைந்த பொருள் பெட்டி, முதலுதவிப் பெட்டி, நூலகப் புத்தகக் கணக்கு, ஆய்வகப் பொருள் எடுத்துக் கொடுப்பது, வீட்டுப்பாடப் பலகை, செடிக்குத் தண்ணீர், பிறந்தநாள் பட்டியல், புது ஆளுக்குப் பள்ளியைச் சுற்றிக் காட்டுவது. பெரிய வேலைகளை இருவர் இருவராகப் பிரித்தால் ஐம்பது நிரம்பிவிடும்.

இந்தப் பட்டியலில் நாங்கள் முதலிடம் கொடுப்பது ‘நோட்டுத் துணை’க்குத்தான். பாடத்துக்கு ஒருவராக ஆறு பேர். வராதவர்களுக்காக ஒரு பொது நோட்டு, பாடத்துக்கு ஒன்று, 80 பக்கம் போதும். நோட்டுத் துணை தன் நோட்டில் எழுதும்போதே கார்பன் தாள் வைத்து ஒரு நகல் எடுத்து, வராதவர் பெயரையும் தேதியையும் மேலே எழுதி, பொது நோட்டில் செருகிவிடுவார். வந்த பிள்ளை யாரிடமும் கெஞ்சாமல் எடுத்துக்கொள்ளலாம். தாளின் மேல் தன் பெயர் எழுதியிருப்பதைப் பார்ப்பவனுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. கார்பன் தாள் இப்போது சின்னக் கடைகளில் கிடைப்பது அரிது, மொத்த ஸ்டேஷனரிக் கடையில் கேளுங்கள். நல்ல கையெழுத்துக்காரர்களையே எப்போதும் இதற்குப் போடாதீர்கள். கையெழுத்து சுமாரான ஒருவரைப் போட்டுப் பாருங்கள், பிறர் படிக்கப் போகிறார்கள் என்றதும் எழுத்து தானாகத் திருந்தும்.

வேலைகள் மாதம் ஒருமுறை மாறவேண்டும். லீடரும்தான். பெருக்குவது பெண் பிள்ளைகளுக்கு, பெஞ்சு தூக்குவது ஆண் பிள்ளைகளுக்கு என்ற பிரிவு தானாக வந்து உட்காரும், பட்டியலில் சுழற்சி எழுதித்தான் அதைத் தடுக்க முடியும். கழிப்பறை சுத்தம் எந்தப் பிள்ளையின் வேலையும் அல்ல. ஒருநாளும் அல்ல, தண்டனையாகவும் அல்ல.

மகிழ் முற்றம் குழுக்கள், அதாவது எல்லா வகுப்புப் பிள்ளைகளையும் கலந்து பிரிக்கும் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்ற குழுக்கள், உங்கள் பள்ளியில் விளையாட்டு விழாவுக்கு மட்டும் எடுக்கப்படுகிறதா என்று பாருங்கள். புதுப் பிள்ளைக்கு அது நல்ல வாசல், மேல் வகுப்புப் பிள்ளை ஒருவரைத் தெரிந்துகொள்ள வேறு வழி அவனுக்கு இல்லை. சேர்ந்த வாரமே குழுவைச் சொல்லிவிடுங்கள்.

6. இருபத்தைந்தாம் வேலை நாள்: பெயர்ப்பட்டியலும் பச்சைப் புள்ளியும்

நாற்பது நிமிடம், ஒரு பீரியடு. மாணவர்கள் பார்க்காத இடத்தில், ஆசிரியர் அறையிலோ ஹெச்.எம். அறையிலோ வைத்துக்கொள்ளுங்கள். வகுப்புக்குப் போகும் எல்லாப் பாட ஆசிரியர்களும் உடற்கல்வி ஆசிரியரும் வரவேண்டும். ஆய்வக உதவியாளரையும் கூப்பிடுங்கள், பிள்ளைகளைப் பற்றி அவருக்குத் தெரிந்தது பல நேரம் நமக்குத் தெரியாது.

வகுப்புப் பெயர்ப்பட்டியலைப் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டுங்கள். ஆளுக்கொரு பச்சை ஸ்கெட்ச் பேனா. ‘இந்தப் பிள்ளையைப் பற்றி மதிப்பெண்ணைத் தவிர இரண்டு விஷயம் எனக்குத் தெரியும்’ என்றால் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. பேசாமல் செய்யவேண்டும். பேசினால், யாருக்குக் கூடத் தெரியும் என்ற போட்டியாகிவிடும்.

பத்து நிமிடத்தில் படம் தெளிவாகிவிடும். முதல் மதிப்பெண்காரருக்கு ஏழு புள்ளி. ரகளை செய்கிறவனுக்கும் ஏழு புள்ளி. நடுவில் புள்ளியே இல்லாமல் சில பெயர்கள் நிற்கும்: சத்தம் போடாதவர்கள், பாஸாகிவிடுகிறவர்கள், வீட்டுப்பாடம் தருகிறவர்கள். ஐந்தாம் நாள் பெயர் தடுமாறியதே, அந்த எட்டுப் பேரில் பாதி அங்கே இருப்பார்கள். டீ.சி. வாங்கிக்கொண்டு போகும் நாளில்தான் ‘இவன் நம்ம கிளாஸா’ என்று கேட்கப்படுகிறவர்கள் இவர்கள்தான்.

புள்ளி இல்லாதவர்களை ஆளுக்கு இரண்டு பேராகப் பிரித்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம், ஆறு வாரம். படிப்பைப் பற்றிப் பேசக்கூடாது. ‘பஞ்சர் ஒட்டுவியாமே, ட்யூப்லெஸ்ஸும் ஒட்டுவியா?’ என்று தொடங்கினால் போதும்.

இதில் கெட்டுப்போகும் இடம் இரண்டு. ஒன்று, ‘உன்னை எனக்கு ஒதுக்கியிருக்காங்க’ என்று பிள்ளையிடமே சொல்லிவிடுவது. இன்னொன்று, ஆறு வாரம் என்று தொடங்கி இரண்டாவது வாரமே மறந்துபோவது. அப்படி மறப்பதாக இருந்தால் தொடங்காமலிருப்பதே மேல். காலாண்டுத் தேர்வுக்கு முன் அதே பட்டியலை மறுபடி ஒட்டிப் பாருங்கள்.

7. பணம் வகுப்பைப் பிரிக்கும் இடங்கள்

சத்துணவு பத்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. பிளஸ் ஒன்னில் பிள்ளைகள் பையோடு சேர்த்துச் சாப்பாட்டையும் சுமக்கவேண்டும், அல்லது சுமக்க எதுவும் இல்லாமல் வரவேண்டும். புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் அதிகம் கவனிக்காத இடம் இது. முதல் இரண்டு வாரம் மதிய மணி அடித்ததும் பத்து நிமிடம் வராந்தாவில் நின்று பாருங்கள். டிபன் பாக்ஸ் திறக்காமல் ‘பசிக்கல சார்’ என்று மைதானத்துக்குப் போகிறவர், தண்ணீர்க் குழாய்க்கு இரண்டு முறை போகிறவர், தினமும் நூலகத்துக்குப் போகிறவர், இவர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சத்துணவுக் கணக்கில் இவர்களைச் சேர்க்க முடியாது, அது எண்ணிக்கையோடு வரும் பொருள். பள்ளி மேலாண்மைக் குழு, முன்னாள் மாணவர்கள் வழியாக ஏற்பாடு செய்வது ஹெச்.எம். கையில் இருக்கிறது. பட்டியலை வாயால் சொல்லுங்கள், பலகையில் எழுதவேண்டாம். வட்டமாக உட்கார்ந்து பகிர்ந்து சாப்பிடும் பழக்கத்தை வகுப்பில் கொண்டுவந்தால் இன்னும் நல்லது. ஆனால் யாருடைய டப்பாவை யார் தொடவில்லை என்பதையும் அங்கேதான் பார்ப்பீர்கள். பார்த்தால் அன்றைக்கே நீங்களும் அந்த வட்டத்தில் உட்கார்ந்துவிடுங்கள்.

சீருடை: விலையில்லாச் சீருடை எட்டாம் வகுப்பு வரைதான். பிளஸ் ஒன்னுக்கு இரண்டு செட் துணியும் தையல் கூலியும் சேர்ந்தால் ஆயிரத்தைத் தாண்டும். புதுப் பிள்ளை பழைய பள்ளிச் சீருடையில் வருவான், வழிபாட்டு வரிசையில் தூரத்திலிருந்தே தெரிவான். ஜூலைக் கடைசி வரை பழைய சீருடைக்கு அனுமதி என்று ஹெச்.எம்மை முதல் வாரமே அறிவிக்கச் சொல்லுங்கள். போன வருடம் பிளஸ் டூ முடித்தவர்களிடமிருந்து நல்ல நிலையிலுள்ள சீருடை வாங்கித் துவைத்துத் தேய்த்து அலுவலக அலமாரியில் வையுங்கள். கொடுப்பது மாலை ஐந்து மணிக்குப் பிறகு, பையில் போட்டு.

உதவித்தொகை: ‘எஸ்.சி. பசங்கெல்லாம் எழுந்திரிங்க’ என்பது வகுப்பறையில் கேட்கவே கூடாத வாக்கியம். வருகைப் பதிவேட்டிலும் சாதி விவரம் இருக்கக்கூடாது. விண்ணப்பம் வாங்கவேண்டியவர்களைத் தனித்தனியாக அலுவலகத்துக்கு வரச்சொல்லுங்கள், கூடவே வேறு வேலைக்காக இரண்டு மூன்று பேரையும் சேர்த்துக் கூப்பிட்டால் யார் எதற்கு வந்தார்கள் என்று தெரியாது.

பிறந்தநாள் சாக்லெட்டுக்குத் தடை என்று அறிவிக்கவேண்டாம், சாக்லெட்டுக்குப் பதிலாக வகுப்பே கைதட்டி முடித்துக்கொள்ளும் பழக்கத்தைக் கொண்டுவாருங்கள். சுற்றுலாவுக்குப் பணம் வசூலிக்கும்போது யார் கொடுத்தார்கள் என்று பலகையில் எழுதுவதை நிறுத்துங்கள்.

8. தாளைத் திருப்பிக் கொடுக்கும் முறை

முதல் ஸ்லிப் டெஸ்ட்டில் புதுப் பிள்ளைகள் சரிவார்கள். பத்தாம் வகுப்பில் 400க்கு மேல் வாங்கியவரும் இயற்பியலில் ஒற்றை இலக்கம் வாங்குவார். பாடம் திடீரென்று கனக்கிறது என்பதே காரணம், ஆனால் பிள்ளை எடுத்துக்கொள்வது ‘இந்த ஸ்கூலுக்கு நான் சரிப்பட மாட்டேன்’ என்று. தாள்களைக் கொடுக்கும் முன் இதைச் சொல்லுங்கள்: முதல் தேர்வில் எல்லா வருடமும் இப்படித்தான் விழுகிறது, காலாண்டில் ஏறுகிறது. போன வருடப் பிள்ளை ஒருவரை அழைத்து ஐந்து நிமிடம் தன் முதல் மதிப்பெண்ணைச் சொல்லச் சொன்னால் நீங்கள் சொல்வதைவிட எடுபடும்.

மதிப்பெண்ணை உரக்கப் படிக்காதீர்கள். தாளை மடித்துக் கையில் கொடுங்கள். சிவப்பு மையில் பிழை மட்டும் சுட்டினால் பிள்ளை அதைத் தன்மேல் போட்ட கோடாக எடுத்துக்கொள்ளும். அமெரிக்காவில் டேவிட் யேகரும் சக ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், திருத்திய கட்டுரையோடு ‘உன்னிடம் நிறைய எதிர்பார்க்கிறேன், உன்னால் முடியும் என்று தெரிந்துதான் இவ்வளவு குறிப்பு எழுதியிருக்கிறேன்’ என்ற கருத்தில் ஒரு வரிச் சீட்டு வைத்தார்கள். அந்தச் சீட்டு கிடைத்தவர்களில் கட்டுரையைத் திருத்தி மறுபடி கொடுத்தவர்கள் அதிகம், ஆசிரியர்மேல் நம்பிக்கை குறைந்திருந்த கறுப்பின மாணவர்களிடம் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. நம் மொழியில் ‘நீ போடுற ஆளு, ரெண்டாம் கேள்விய மறுபடி போட்டு நாளைக்குக் காட்டு’ என்று எழுதினால் போதும். நாளைக்குக் கொண்டுவந்தால் பார்க்கவேண்டும், அதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள்.

தமிழ் வழியிலிருந்து ஆங்கில வழிக்கு மாறியவர்களுக்கு முதல் மாதம் பாடத்துக்கு இருபது சொல், இரு மொழியிலும், சுவரில் ஒட்டுங்கள்.

9. கேலி, கயிறு, புகார்

கையில் கலர் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவை சாதி அடையாளமாகப் புழங்கும் ஊர்களில் அதை வகுப்பின் நடுவில் அறுக்காதீர்கள். அறுபட்ட கயிறு அன்று மாலையே வெளியில் பெரிய பிரச்சினையாகத் திரும்பி வரும். தனியாகக் கூப்பிட்டு அவனையே கழற்றச் சொல்லுங்கள், எல்லாப் பிள்ளைக்கும் ஒரே விதி என்பதை எழுத்தில் காட்டுங்கள், பெற்றோருக்கும் சொல்லுங்கள்.

பிள்ளைகள் தங்கள் குறையை எழுதிப் போடும் ‘மாணவர் மனசு’ பெட்டி ஆசிரியர் அறை வாசலில் இருந்தால் அதில் யாரும் சீட்டுப் போடமாட்டார்கள். யாரும் நிற்காமல் கடந்துபோகும் இடத்தில், நூலகம் போகும் வழியில் வைக்கச் சொல்லுங்கள். திறக்கும் நாள் தெரிந்திருக்கவேண்டும். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு ஒருமுறை நடந்தால் பெட்டி அதோடு செத்துவிடும். 14417 (கல்வி உதவி எண்), 1098 (குழந்தைகள் உதவி எண்) இரண்டு எண்களும் ஒவ்வொருவர் நோட்டின் பின்னட்டையிலும் இருக்கட்டும்.

பாலியல் துன்புறுத்தல் பற்றிப் பிள்ளை சொன்னால், விசாரித்துப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று வைத்திருக்க போக்சோ சட்டம் உங்களுக்கு இடம் தரவில்லை. காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். ‘யார்கிட்டயும் சொல்லமாட்டேன்’ என்று பிள்ளைக்கு முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

10. வீட்டுக்குப் போகும் முதல் போன்

புகாராக இருக்கக்கூடாது. சேர்ந்த மூன்று வாரத்துக்குள், ஒரு நாளைக்கு மூன்று வீடு, வீட்டுக்கு ஒரு நிமிடம்: ‘பொண்ணு செய்தி நல்லா வாசிக்குதுங்க, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.’ எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது, பயந்துபோய் ‘என்ன சார் ஆச்சு’ என்று இரண்டாவது முறை கேட்பார்கள். கூட்டத்தை மாலை ஐந்துக்கு மேல் வையுங்கள், பகலில் வைத்தால் ஒருநாள் கூலி போகும், அடுத்த முறை வரமாட்டார்கள்.

11. இடையில் வருகிறவர்கள்

ஜூலையில் ஒருவர், அப்பாவின் வேலை மாறி செப்டம்பரில் ஒருவர் என்று வந்துகொண்டேயிருப்பார்கள். எல்லாரும் ஒட்டிக்கொண்ட பிறகு வருகிற இவர்களுக்குத்தான் இடம் கிடைப்பது கஷ்டம். ஓர் உறை தயாராக வைத்திருங்கள்: எழுதாத பெயரட்டை இரண்டு, நேர அட்டவணை, இருக்கைப் படம், நோட்டுத் துணைகளின் பெயர்கள், எந்தப் பாடத்தில் எந்தப் பக்கம் வரை முடிந்திருக்கிறது என்ற துண்டுத்தாள். முதல் மூன்று நாள் மதியச் சாப்பாட்டுக்கு யாரோடு உட்காருவது என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள்.

வேலைப் பட்டியலில் ஒரு வேலையை எப்போதும் காலியாக விட்டுவையுங்கள், செய்தித்தாள் வாங்கி வருவது மாதிரி கண்ணில் படுகிற ஒன்றாக. புதுப் பிள்ளை வரும் நாளில் அந்த வரிசையில் அவன் பெயரை எழுதுங்கள், வகுப்பின் முன்னால், பேனாவால்.